கப்பல் யாருடையதோ இருக்கட்டும், சம்பளம் யார் தருவது?

மதிப்பிற்குரிய கப்பல் ஆட்சேர்ப்பு நிறுவனத்தாருக்கு,

வணக்கம். என் தம்பியை நீங்கள் ஏற்றிவிட்ட கப்பல் எங்கே நங்கூரம் போட்டு நிற்கிறது என்பதும், ஐந்து மாதமாக அவனுக்குச் சம்பளம் வரவில்லை என்பதும் உங்களுக்கே தெரியும். தெரியாத மாதிரி பேசுவதால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. சம்பளம் தர வேண்டியவர் யார்? பெயரையும் முகவரியையும் எழுத்தில் கொடுங்கள்.

உங்களைக் கேட்டால் "ஓனரைக் கேளுங்க" என்கிறீர்கள். ஓனருக்கு மெயில் போட்டால், கப்பலைப் பேர்போட் சார்ட்டரில், அதாவது மாலுமிகள் இல்லாமல் வெறும் கப்பலை மட்டும் வாடகைக்கு, விட்டாச்சு, மாலுமிகளுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று இரண்டு வரி வருகிறது. வாடகைக்கு எடுத்தவரின் போனோ அணைந்தே கிடக்கிறது.

நான் சங்ககிரியில் இரண்டு லாரி வைத்திருப்பவன். டிரைவர் இல்லாமல் வண்டியை மட்டும் லீசுக்கு விடுவது எனக்குப் புதிதில்லை. ஆர்சி புக் என் பேரில் இருக்கும். டீசல், டிரைவர் சம்பளம், படி எல்லாம் எடுத்தவர் பொறுப்பு. கப்பலிலும் அதே கதைதான். ஆனால் என் வண்டியில் ஏறுகிற டிரைவருக்கு, யாரிடம் கை நீட்ட வேண்டும் என்று முதல் நாளே தெரியும்.

அம்மா ஏற்காட்டில் காபித் தோட்டத்து வேலைக்குப் போகிறவர். வீட்டுக்குள் சிக்னல் வராது. ஞாயிறு சாயந்திரம் பனியில் மேட்டுப் பாறைமேல் நின்றுதான் தம்பியிடம் பேசுவார். சாப்பிட்டாயா என்பதோடு விட மாட்டார், என்ன குழம்பு என்று கேட்பார். போன வாரம் அவன் சாம்பார் என்றான். போனை வாங்கித் தள்ளிப்போய் நான் கேட்டதும், "பருப்பு தீர்ந்து பத்து நாளாச்சுண்ணா. குடிக்கிற தண்ணியே ஆளுக்கு ரெண்டு பாட்டில்தான்" என்றான்.

மாலுமிகளின் உரிமைகளைச் சொல்லும் சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. கப்பலை மட்டும் வாடகைக்கு எடுத்து நடத்தும் பொறுப்பை ஏற்றவரும் அதன்படி உரிமையாளர்தான். இரண்டு மாதச் சம்பளம் நின்றாலே மாலுமியைக் கைவிட்டதாகக் கணக்கு. அதற்கான காப்பீட்டுச் சான்றிதழைக் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். சம்பளப் பாக்கியில் நான்கு மாதம் வரைதான் அந்தக் காப்பீடு கட்டாயமாகத் தாங்கும். நீங்கள் ஆள்மாற்றி ஆள் கைகாட்டியதிலேயே ஐந்தாவது மாதம் ஓடிவிட்டது.

சேலத்துக்காரருக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சிரித்தார். வாஸ்தவம்தான், நாங்கள் பார்த்த பெரிய தண்ணீர் மேட்டூர் அணை. ஆனால் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'கப்பல் வேலை, லட்சத்தில் சம்பளம்' என்று நோட்டீஸ் ஒட்டும்போது மட்டும் சேலம் எங்கே இருக்கிறது என்று உங்கள் தொழில்காரர்களுக்கு நன்றாகவே தெரிகிறது.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அந்தச் சான்றிதழின் நகலையும், சம்பளத்துக்குப் பொறுப்பானவரின் பெயரையும் அனுப்புங்கள். தமிழில் எழுதினால் நல்லது. அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். அதனால்தான் இந்த மடலை அவர் கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன். உங்கள் பதில் வந்தால் அதைக் காட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாலுமி ஒருவனின் அண்ணன்