வாய்க்காலைத் தாண்டி வாருங்கள்: புதுச்சேரிக்கு வரும் பயணிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வணக்கம். வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நீங்கள் வந்து இறங்குகிற ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். மறுநாள் காலையில் டுமாஸ் வீதியிலும் சுஃப்ரேன் வீதியிலும் மஞ்சள் சுவரில் சாய்ந்து, தலைக்கு மேல் காகிதப்பூ தொங்க, நீங்கள் படம் எடுத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டேதான் வேலைக்குப் போகிறேன். அழகான சுவர்கள்தான். ஆனால் ஞாயிறு சாயங்காலம் நீங்கள் பஸ் ஏறும்போது, ஊரில் பாதியைப் பார்க்காமலே போகிறீர்களே என்று மனசு அடித்துக்கொள்கிறது. அதனால்தான் இந்த மடல்.

பிரெஞ்சுக்காரர் வீடு தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்கும். உயரமான மதில், பெரிய கதவு, உள்ளே தோட்டம், அப்புறம்தான் வீடு. நீங்கள் எடுக்கும் படங்களில் பெரும்பாலும் இருப்பது அந்த மதில்தான். பிரெஞ்சுப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கிற பெரிய வாய்க்காலுக்கு மேற்கே வந்து பாருங்கள். அங்கே வீடு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். முதலில் மரத்தூண் நட்டு ஓடு வேய்ந்த தாழ்வாரம். அது போகிறவர் வருகிறவர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்கு. ஒரு படி ஏறினால் திண்ணை. அதற்கப்புறம்தான் கதவு, முற்றம் எல்லாம். முன்பின் தெரியாதவருக்காக வீட்டுக்காரர் தன் காசில் போட்டு வைத்த நிழல் அது. நீங்களும் அந்த முன்பின் தெரியாதவர்தானே?

மிஷன் வீதிக்கும் காந்தி வீதிக்கும் நடுவில் வைசியாள் வீதி இருக்கிறது. பலகையில் கால்வே சுப்பராய செட்டி வீதி என்று போட்டிருக்கும். மரபுச் சின்னங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு அந்தத் தெரு வீடுகளின் முகப்புகளைப் பழையபடி சீரமைத்துக் கொடுத்தது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் வந்தது. இந்தப் பகுதியில் நடக்கும்போது மாடி வீடுகளை அண்ணாந்து பாருங்கள். கீழே தேக்குத் தூணும் ஓட்டுத் தாழ்வாரமும் தமிழ். மேலே வளைவுச் சன்னலும் உருண்டைத் தூணும் பிரெஞ்சு. ஒரே வீட்டில் இரண்டும் சண்டையில்லாமல் இருக்கும்.

இதில் மூத்தது ரங்கப்பிள்ளை வீதியில் உள்ள ஆனந்தரங்கப் பிள்ளை வீடு. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர், 1736 முதல் நாட்குறிப்பு எழுதியவர். 1761 ஜனவரியில் அவர் இறந்த நான்கு நாளில் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டையிலிருந்து பிரெஞ்சுப் பகுதி முழுவதையும் இடித்துத் தள்ளினார்கள். கடற்கரைப் பக்கம் நீங்கள் ரசிக்கும் வீடுகள் அநேகமாக எல்லாமே அதற்குப் பிறகு எழும்பியவை. பிள்ளையின் வீடு அந்த இடிபாட்டுக்கும் முந்தியது. பழமையைத் தேடித்தான் வருகிறீர்கள் என்றால், அது வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது.

ஆனால் எத்தனை நாளைக்கு இருக்கும் என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்து வீட்டை ஒரே காலையில் இடித்தார்கள். மாடித் தளத்தில் விரல் நீளத்துக்குச் சின்னச் சின்னச் செங்கல், சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்தது. ஜேசிபி மோதியும் செங்கல் தனியாகப் பிரியவில்லை. கட்டி கட்டியாகத்தான் விழுந்தது. மத்தியானத்துக்குள் தேக்குத் தூண்களை லாரியில் ஏற்றிவிட்டார்கள். தூண் நின்ற கருங்கல் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். நடுவில் குழி இருக்கும். மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது, காக்கா வந்து குடிக்கிறது.

இடித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஐந்து பேருக்குப் பங்கு, ஒழுகும் கூரை, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை. சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று சுவர் உப்பிக்கொள்கிறது. அரசாங்கக் கட்டடமே தப்பவில்லை: கடற்கரைச் சாலையில் நகராட்சி அலுவலகமாக இருந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதை அதே வடிவில் மறுபடி கட்டி 2021-இல் திறந்தார்கள். தனியார் வீட்டுக்கு அந்தப் பாக்கியம் ஏது?

இங்கேதான் உங்கள் உதவி வேண்டும். அடுத்த முறை ஒரு ராத்திரியாவது தமிழ்ப் பகுதியில் சீரமைத்த பழைய வீட்டில் தங்குங்கள். ஒரு வேளையாவது இந்தப் பக்கம் சாப்பிடுங்கள். இதைப் பார்க்க ஆள் வருகிறது, வருமானமும் வருகிறது என்று தெரிந்தால், பங்காளிகளில் ஒருவராவது இடிக்க வேண்டாம் என்று வாயைத் திறப்பார். உள்ளே போய்ப் பார்க்க ஆசையா? ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் இருந்த வீடும், பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடும் இன்று அருங்காட்சியகங்கள்.

மற்றவை மனிதர்கள் குடியிருக்கும் வீடுகள். கேட்காமல் படி ஏறாதீர்கள், தூணில் பேர் கிறுக்காதீர்கள். வெயில் ஏறுவதற்கு முன், காலை ஆறரைக்கு வாருங்கள். அந்நேரம் கோலம் ஈரமாக இருக்கும், திண்ணையில் ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். வீட்டைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "உட்காருங்க" என்று சொல்லி நகர்ந்து இடம் விடுவார்.

அன்புடன்,
வாய்க்காலுக்கு மேற்கே குடியிருக்கும் ஒருத்தி