என் மருமகளின் தலைமயிரைத் தொடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கொழும்பில் ஒரு பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் மகன், மருமகள், பேத்தியோடு இருக்கிறேன். மருமகள் ஸ்கொட்லாந்தில், அபர்டீன் நகரில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தலைமயிர் சிவப்பு. மருதாணியும் இல்லை, சாயமும் இல்லை, பிறந்ததிலிருந்தே அப்படித்தான். புருவமும் இமை மயிரும்கூட அதே நிறம். முகத்திலும் கைகளிலும் நிறையப் புள்ளிகள். அந்தத் தலைமயிரோடு ஒரு பெண் கொழும்பில் தன் பாட்டில் வீதியில் போய்வர முடியாமல் இருக்கிறது. அப்படி முடியாமல் செய்கிறவர்களில் அதிகம் பேர் எங்கள் ஆட்கள்தான். அதனால்தான் இதைத் தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

தைப்பொங்கலுக்குச் சேலை எடுக்க ஒரு கடைக்குப் போயிருந்தோம். மருமகள் குனிந்து துணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, பார்த்தால் நல்ல மரியாதையானவர், கழுத்தில் தடித்த தாலிக்கொடி, ஒரு வார்த்தை கேட்காமல் பின்னலின் நுனியைத் தூக்கிப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். பிறகு சாயம் ஒட்டியிருக்கிறதா என்று விரலைத் திருப்பிப் பார்த்தார். ஒட்டவில்லை என்றதும் மகளைக் கூப்பிட்டு, "வந்து பார், சொந்த மயிர்தான்" என்றார். மகளும் வந்து தொட்டுப் பார்த்தாள். மருமகளின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. திரும்பி, "அன்ரி, எனக்குத் தமிழ் விளங்கும்" என்றாள். அந்த அம்மாவுக்கு அதிலும் ஒரு கூச்சம் வரவில்லை. "ஐயோ, தமிழும் கதைக்குது!" என்று சந்தோஷமாகச் சொல்லி, கடைப் பெடியனையும் கூப்பிட்டார். நாங்கள் சேலை எடுக்காமல் வெளியே வந்தோம்.

பஸ்ஸிலும் இதே கதைதான். 100ஆம் இலக்க பஸ்ஸில் அவள் சீற்றில் இருந்தால், பின் சீற்றில் இருப்பவர் பின்னலைத் தூக்கிப் பார்ப்பார். இப்போது பின்னலை முன்னுக்கு எடுத்து மடியில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். ஒரு சொந்தக்காரப் பிள்ளையின் கல்யாணத்தில் ஆளுக்கு ஆள் வந்து இவளோடு நின்று படம் எடுத்தார்கள். பொம்பிளையின் தாய்க்கு முகம் மாறிவிட்டது. அதைக் கவனித்த மருமகள் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு அந்தக் குடும்பத்தில் "வெள்ளைக்காரிக்குப் பெருமை" என்று கதைத்தார்களாம்.

ஆம்பிளைகளின் கதை வேறு. ஓட்டோக்காரர், கடை வாசலில் நிற்கிறவர், கார்க் கண்ணாடியை இறக்குகிறவர் எல்லோருக்கும் முதல் கேள்வி "ரஷ்யாவா?" என்பதுதான். அந்தக் கேள்வி எந்த நினைப்பில் வருகிறது என்று ஊருக்கே தெரியும். பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே விலை கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு விளங்காது என்று நினைத்துத் தமிழில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதை நான் இங்கே எழுத மாட்டேன். எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995இல் திருத்தப்பட்ட பிறகு, சொல்லாலோ செயலாலோ ஒருவருக்குப் பாலியல் தொல்லை கொடுப்பது ஐந்து வருடம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். சட்டம் இருக்கிறது. ஆனால் காலி வீதியில் பட்டப்பகலில் ஒருவன் இப்படிக் கேட்கும்போது சுற்றி நிற்கிற நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

இதை எழுத வேண்டும் என்று நான் முடிவெடுத்தது ஒரு வீடியோவால். பஸ் தரிப்பிடத்தில் மருமகளும் பேத்தியும் நிற்பதை யாரோ கைத்தொலைபேசியில் எடுத்து, பாட்டும் சேர்த்து, டிக்டொக்கில் விட்டிருக்கிறார்கள். எங்களுக்கு அது கனடாவில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் வட்ஸ்அப்பில் அனுப்பித்தான் தெரியும். கமெரா முதலில் அவளுடைய தலைக்குக் கிட்டப் போகிறது, அப்புறம் கீழே இறங்குகிறது. பேத்தியின் முகமும் தெளிவாக விழுந்திருக்கிறது. கீழே தமிழில் எழுதியிருந்ததை மகன் வாசித்துவிட்டுத் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தான். அதைப் போட்டவர் இதை வாசித்தால், அந்த வீடியோவைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அதில் இருப்பது எங்கள் வீட்டுப் பிள்ளை.

"வடிவாக இருக்கிறது என்றுதானே தொட்டுப் பார்க்கிறார்கள், இதில் என்ன கெடுதல்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி விற்கும் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். மருமகள் முதல்முறை போனபோது அவர், "தங்கச்சி, கேக்கிறன் எண்டு குறை நினைக்காதீங்கோ, இது உங்கட சொந்த நிறமோ?" என்று கேட்டார். ஓம் என்றாள். "நல்ல வடிவாயிருக்கு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு போஞ்சி என்ன விலை, பிள்ளை பள்ளிக்கூடம் போகுதா என்பதுதான் கதை. சந்தைக்குப் போவதென்றால் அவள் ஒருபோதும் பின்நிற்பதில்லை. அவரும் ஆசையில்தான் கேட்டார். ஆனால் கேட்டார், பதிலைக் கேட்டுக்கொண்டார், அதோடு விட்டார். தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல ஒரு மனுசியின் தலையில் கை வைக்கவில்லை.

இங்கே வருவதற்கு முன்பே அவள் இந்த நிறத்துக்காக நிறைய அனுபவித்துவிட்டாள். உலகத்தில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இரண்டு பேருக்குத்தான் இந்தத் தலைமயிர். ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும்தான் ஆகக் கூட, அங்கே ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவருக்கு இருக்கும். அப்படிப்பட்ட ஊரிலேயே அவளைப் பாடசாலையில் "கரட்" என்றும் "ஜிஞ்சர்" என்றும் கூப்பிட்டு அழ வைத்திருக்கிறார்கள். 2008 நவம்பரில், ஒரு தொலைக்காட்சிக் கார்ட்டூனைப் பார்த்துவிட்டு, சிவப்புத் தலைப் பிள்ளைகளை உதைக்கும் நாள் என்று முகநூலில் ஒரு நாளைக் குறித்தார்கள். கனடாவில் பிள்ளைகள் உண்மையிலேயே உதை வாங்கினார்கள், பொலிஸ் விசாரணையும் நடந்தது. மருமகள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. அந்தத் திகதி வந்தால் வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் நின்றுவிடுவாளாம். அவளுடைய பாட்டியின் காலத்தில் கடலுக்குப் போகிற மீனவருக்குச் சிவப்புத் தலைப் பெண் எதிரே வந்தால் கெட்ட சகுனம். பழைய ஐரோப்பிய ஓவியங்கள் பலவற்றில் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்குச் சிவப்பு மயிர்தான் தீட்டியிருக்கிறார்கள். நெதர்லாந்தில் வருடாவருடம் சிவப்புத் தலைக்காரர் ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடும் விழா ஒன்று இருக்கிறது, 2005இல் தொடங்கியது. அது பிரெடா நகரில் நடந்த காலத்தில், கல்யாணத்துக்கு முன், ஒருமுறை போயிருக்கிறாள். "மாமி, அண்டைக்கு ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பாக்கேல்ல" என்று அவள் சொன்னபோது அந்த முகத்தில் இருந்த நிம்மதியை நான் இங்கே ஒருநாளும் கண்டதில்லை.

பேத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்கு மகனைப் போலக் கறுத்த தலைமயிர். பார்க்கிற சனம் தாயிடமே கேட்கிறது: "வளர்க்கிற பிள்ளையோ?" கோயில் வாசலில் ஒருவர் இன்னும் ஒரு படி போய், வேலைக்கு வந்த ஆயாவா என்று என்னிடம் கேட்டார். நான் விஞ்ஞானம் படிப்பித்தவள் என்பதால் இதை விளங்கப்படுத்திவிட்டுப் போகிறேன். தலைமயிரைச் சிவப்பாக்குவது 16ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள எம்சி1ஆர் என்ற பரம்பரையலகின் சில வடிவங்கள். இதை ஆராய்ச்சியாளர் கண்டறிந்தது 1995இல். அது பெரும்பாலும் பின்னிடைவான இயல்பு. அதாவது தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் ஒவ்வொன்று வந்தால்தான் பிள்ளையின் தலை சிவக்கும். எங்கள் ஆட்களிடம் அந்த வடிவங்கள் மிக அரிது. ஆகவே தமிழ்த் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளை கறுத்த தலையோடு வருவதுதான் வழக்கம். பத்து மாதம் சுமந்து பெற்ற தாயிடம், அதுவும் பிள்ளையின் காதில் விழும்படி, இந்தக் கேள்வியைக் கேட்க எப்படி மனம் வருகிறது?

அதே பரம்பரையலகால்தான் அவளுடைய தோலுக்கு வெயில் ஆகாது. தோலைக் காக்கிற கறுப்பு நிறமி அந்த உடம்பில் குறைவு. சீக்கிரம் கன்றிப்போகும், தோல் புற்றுநோய் வரும் ஆபத்தும் மற்றவரைவிடக் கூட. அதனால்தான் நீண்ட கைச் சட்டையும் குடையும். அதற்கும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

புறக்கோட்டையில் மருதாணி பூசிய செம்மஞ்சள் தாடியோடு எத்தனை பெரியவர்கள் கடையில் இருக்கிறார்கள், யாரும் போய் அந்தத் தாடியைப் பிடித்துப் பார்ப்பதில்லை. நிறம் புதிது என்பதால் மட்டும் அவளைத் தொடுகிறார்கள் என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன். அவள் பெண், அவள் வெளியாள், திருப்பி ஒன்றும் சொல்ல மாட்டாள் என்ற துணிவும் அதில் இருக்கிறது.

"கறுப்புச் சாயத்தைப் பூசிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது" என்று ஒரு சொந்தக்காரி புத்தி சொன்னார். சில நாள் கழித்துக் குளியலறைத் தட்டில் கறுப்புச் சாயப் பெட்டி ஒன்றைக் கண்டேன். பிரிக்காமல் இருந்தது. நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியான கவலை. எங்கள் மாடியில் இன்னொரு பிள்ளைக்கும் இதே புத்திதான் சொல்லப்பட்டது. அவள் அசல் தமிழ்ப் பிள்ளை, பிறவியிலேயே செம்பட்டைத் தலை. "டை பண்ணியிருக்கிறாய், கறுப்பாக்கிக்கொண்டு வா" என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். தாய் குழந்தைக்காலப் படங்களைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டி வந்தது. ஜப்பானில் ஒசாக்காவில் இப்படிப் பிறவியிலேயே கபில நிறத் தலைமயிர் என்று சொல்லியும் கறுப்புச் சாயம் பூசச் சொன்ன பாடசாலை தொடர்பாக ஒரு மாணவி வழக்குப் போட்டாள். அவளுடைய பெயரை வகுப்புப் பட்டியலிலிருந்தும் மேசையை வகுப்பறையிலிருந்தும் எடுத்ததற்காக 2021இல் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. ஆனாலும் சாயத்தைப் பற்றிய விதி பிழை என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. ஆசிரியராக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு பிள்ளையின் பிறவி நிறத்தை ஒழுக்கக்கேடாக எழுதி வைக்கிற விதி எந்தப் பாடசாலைக்கும் வேண்டாம்.

"எங்கட பிள்ளையளை அங்க எவ்வளவு பாடு படுத்துறாங்கள், இவள் ஒருத்திக்கு இது பெரிசோ?" என்றும் கேட்டார்கள். மகன் அபர்டீனில் படித்த காலத்தில் நிறத்துக்காக வசவு வாங்கியிருக்கிறான், அது உண்மை. அந்த இரவுகளில் அவனோடு கூட நடந்து வந்தவள் இவள்தான். அதைவிட, கொழும்புத் தமிழருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 1983 ஆடியில் நெற்றிப் பொட்டை அழித்துவிட்டு வீதியில் இறங்கிய பெண்கள் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் எங்கள் முகத்தையும் பேச்சையும் வைத்துத் தனியே இறக்கி நிறுத்தினார்கள். அந்தப் பயமும் மருமகளுக்கு நடப்பதும் ஒன்றல்ல, நான் ஒன்றாக்கவும் இல்லை. ஆனால் பத்துப் பேர் நடுவில் தோற்றத்துக்காக ஒருவரைப் பிரித்தெடுத்துப் பார்க்கும்போது உடம்பு எப்படிக் கூசும் என்று நாங்கள் அறிவோம்.

ஆடிவேல் விழா வருகிறது. செட்டியார் தெருவிலிருந்து இரதம் பம்பலப்பிட்டிக்கு வரும்போது மருமகள் பேத்தியோடு காலி வீதியில் நிற்க ஆசைப்படுகிறாள். முன்பு ஒரு தேர்த் திருவிழாவில் தேருக்குப் பிடித்திருந்த கமெராக்களெல்லாம் இவள் பக்கம் திரும்பியதால், அர்ச்சனைத் தட்டைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு அவள் பாதியில் வெளியே வந்தாள். ஆகவே ஆலய அறங்காவலர்களிடம் ஒரு வேண்டுகோள். செருப்பைப் பற்றியும் திருடரைப் பற்றியும் ஒலிபெருக்கியில் சொல்கிறீர்கள். பக்தர்களை அனுமதி இல்லாமல் படம் எடுக்க வேண்டாம், பெண்களையும் பிள்ளைகளையும் தொட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொண்டர்களிடமும் சொல்லி வையுங்கள், ஒருவர் வந்து முறையிட்டால் "விடுங்கோ, ஆசைக்குத்தானே" என்று திருப்பி அனுப்பக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.