பழைய கார்: சேஸிஸ் பழுதை மறைக்காமல் சொல்ல வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களைப் புதுப்பிப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெயிண்ட், சீட், குரோமியம் எல்லாம் இருந்தது. வண்டியைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டமான சேஸிஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை. குன்னூரில் வெல்டிங் பட்டறை நடத்தியவன் என்பதால் அது எனக்கு உறுத்தியது.

சமீபத்தில் தெரிந்தவர் ஒருவர் சமவெளியிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றை வாங்கிவந்தார். 1960களில் சென்னையில் தயாரான வண்டி. அம்பாசிடர், பியட் போல அல்லாமல் இதற்குத் தனி சேஸிஸ் உண்டு. அதன் மேல்தான் பாடியை போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். சிவப்பு பெயிண்டில் முகம் பார்க்கலாம். ஆனால் கதவு மூடும்போது அடியில் உரசியது. கீல் தேய்ந்திருக்கிறது என்றாராம் விற்றவர். வண்டியைத் தூக்கி, பாடியைத் தாங்கும் பக்கவாட்டுக் கையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். பிடிவரை உள்ளே போய்விட்டது. மேலே கறுப்பு பெயிண்ட், அதன் கீழே பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி, அதற்கும் கீழே எண்ணெய் டின்னை வெட்டித் தட்டிய தகடு, அப்புறம் உதிரும் துரு. இதை நம்பிக் குடும்பத்தோடு மேட்டுப்பாளையம் போகும் மலைப்பாதையில் பர்லியாறு இறக்கத்தில் போகவிருந்தார் மனிதர்!

இந்த சேஸிஸ் உள்ளே வெற்றாக இருக்கும் பெட்டி வடிவம். தண்ணீர் வடிய வைத்த ஓட்டைகளைச் சேறு அடைத்துக்கொள்ளும். இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையோடு மூடுபனியும் சேர்ந்தால் உள்பக்கம் காய்வதே இல்லை.

சரி செய்ய முடியாதா என்றால், தாராளமாக முடியும். பாடியை இறக்கும் முன் கதவு வாசல்களுக்குக் குறுக்கே கம்பி வைத்துப் பற்றவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாடி கோணிவிடும். சேஸிஸை மட்டமாக நிறுத்தி, ஸ்பிரிங் மாட்டும் இடங்களிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸ் குறி போட்டு, மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடித்து அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒத்து வராவிட்டால் சட்டம் கோணியிருக்கிறது. முதலில் சங்கிலியும் ஜாக்கியும் போட்டு நேராக்கிவிட்டுத்தான் வெல்டிங். துருவை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, அதே கனத் தகட்டை, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைக்க வேண்டும். ஒரே மூச்சில் இழுத்தால் சூட்டில் சட்டம் வளையும். கடைசியில் மறுபடி துரு பிடிக்காமலிருக்க உள்ளே மெழுகு எண்ணெய் அடிக்க வேண்டும். அந்தச் செலவுக்குத்தான் எல்லோரும் முகம் சுளிப்பார்கள்.

இவ்வளவு வழி இருந்தும் ஏன் மறைக்கிறார்கள்? காசு மிச்சம் என்பது ஒன்று. இன்னொன்று பயம். 50 வருடம் தாண்டிய வண்டிகளை வின்டேஜ் என்று பதிவுசெய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 வருடத்துக்குச் செல்லும். வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சினில் மாற்றம் கூடாது என்கிறது அந்த விதி. நல்லதுதான். ஆனால் மக்கிப்போன துண்டை எடுத்துவிட்டு அதே அளவில் புதுத் துண்டு வைத்தால் அது மாற்றமா, பழுதுபார்ப்பா? எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். வம்பு எதற்கு என்று உரிமையாளர் பட்டி பூசிவிடுகிறார்.

சேஸிஸ் நம்பர் உள்ள இடத்தைத் தொடாமல், அதே அளவில், அதே இடத்தில் செய்த வேலை பழுதுபார்ப்புதான் என்று போக்குவரத்துத் துறை எழுத்தில் சொல்ல வேண்டும். வெட்டும் முன்னும் பின்னும் எடுத்த படங்களை விண்ணப்பத்தோடு வாங்கிக்கொள்ளட்டும். பரிசோதிக்கும்போது வண்டிக்கு அடியில் போய்ச் சின்ன சுத்தியலால் தட்டிப் பார்க்கட்டும். பட்டி பூசிய இடம் சத்தத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் நிருபர் இதை அதிகாரிகளிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை வெளியிட்டால் பழைய வண்டி வைத்திருக்கும் பலருக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்டர்,
குன்னூர், நீலகிரி.