கண்ணு, கை விஷயமா எழுதுறேன்

கண்ணு, ராத்திரி போன்ல நீ அழுதுட்டே பேசினதுல எனக்கு வாயே வரல, அதான் இப்ப நிதானமா டைப் பண்றேன், உடைஞ்சது இடது கைதானே. காச பத்தி யோசிக்காதம்மா, ஆபரேஷன் பண்ணி எலும்புல ப்ளேட் வச்சுக்கோங்கற. காசுக்காக வேணாங்கலடி.

வாசத் தெளிக்கறப்ப வழுக்கி கைய ஊனிட்டேன், மணிக்கட்டு புசுபுசுன்னு வீங்கி வளையல வெட்டித்தான் எடுத்தாங்க, அப்பாவுக்கு எலும்பு உடைஞ்சத விட அதுதான் பெரிய கவலை. மரத்துப்போற ஊசி போட்டு இழுத்து நேராக்கி மொதல்ல பாதிக்கட்டு, வீக்கம் வத்தினப்பறம் முழு மாவுக்கட்டு. மறுபடி எக்ஸ்ரே எடுத்தா எலும்பு கொஞ்சம் பின்னாடி சாஞ்சிருக்கு, அந்த படத்த பாத்துத்தான் நீ பதறிட்ட.

டாக்டர்கிட்ட நேராவே கேட்டேன். சின்ன வயசுக்காரங்களா இருந்தா ப்ளேட் வச்சிருப்பேன், உங்க வயசுல எக்ஸ்ரேல தெரியற கோணலுக்கும் கை செய்யற வேலைக்கும் பெருசா சம்பந்தம் இருக்கறதில்லன்னாரு. டப்ளின்ல காலிஸ்னு ஒரு டாக்டர் 1814லயே, எக்ஸ்ரேங்கறதே இல்லாத காலத்துல, கோணல் அப்படியே நிக்கும் ஆனா கை நல்லா பொழங்கும்னு எழுதி வச்சிருக்காராம். உங்க ஆஸ்திரேலியாவுலயும் நியூசிலாந்துலயும் 60 வயசு தாண்டின 166 பேர சீட்டு குலுக்கற மாதிரி பிரிச்சு, ஒரு பக்கம் ப்ளேட், ஒரு பக்கம் வெறும் கட்டுன்னு பாத்திருக்காங்க, க்ராஸ்ஃபயர்னு பேரு, 2021ல வந்தது, ஒரு வருஷம் கழிச்சு வலியிலயும் வேலையிலயும் சொல்லிக்கற வித்தியாசம் இல்ல. ஆஸ்திரியாவுல அதுக்கு முன்னாடி பாத்ததுல ப்ளேட் வச்சவங்களுக்கு மொத சில மாசம் கை சுளுவா இருந்துச்சு, பிடியும் கொஞ்சம் கெட்டி, உன்கிட்ட அத மறைக்கல. ஆனா ஸ்க்ரூ தசைநார உரசற தொல்லை, திரும்ப கழட்டறதுன்னு அதுலயும் வில்லங்கம் இருக்கே, நான் என்ன கிணத்துல தண்ணி இறைக்கவா போறேன்?

விரல் மரத்துப்போய் விடாம இருந்தா, எலும்பு தோல கிழிச்சிருந்தா, இல்ல கட்டுல நிக்காம ரொம்ப நகர்ந்துட்டா அப்ப ஆபரேஷன்தான், நானே கைய நீட்டிருவேன். எனக்கு அப்படி இல்ல. அத்தை ஒருபக்கம் புத்தூர் கட்டுக்கு கூப்பிடறா, அவளயும் சும்மா இருன்னு சொல்லிட்டேன்.

இப்ப வேலையே விரல ஆட்டறதுதான். கட்டுக்கு வெளிய இருக்கற விரல முழுசா மடக்கி நீட்டணும், தோள தூக்கி எறக்கணும், இல்லன்னா கட்டு பிரிச்சப்பறம் எல்லாம் கட்டையா நிக்குமாம். பச்சப்பட்டாணி உரிக்கறேன், கட்டவிரல் மொதல்ல வரவே மாட்டேன்னுச்சு, இப்ப தோல அதுவா நெம்புது.

கட்டு பிரிச்சதும் எலும்பு அடர்த்தி பாக்க டெக்ஸா எடுக்கணும்னாரு, நின்ன இடத்துல விழுந்ததுக்கே உடைஞ்சிருக்கே, அடுத்து இடுப்பு உடைஞ்சா அதுதான் ஆபத்து. நீ அனுப்பறேன்னு நிக்கற காசு அதுக்கு ஆகட்டும், மிச்சத்துல பாத்ரூம்ல பிடிச்சுக்க கம்பி போடணும். அப்பா எனக்கெதுக்கும்பாரு, நீயே அவருக்கு போன் போட்டு சொல்லு.

அம்மா