எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்

அன்பு மகளுக்கு,

வியாழக்கிழமை ஆன்லைன் இன்டர்வியூ என்று எழுதியிருந்தாய். கேள்விக்குப் பதில் சொல்ல உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் உன் லிங்க்ட்இன் பக்கம், நீ அனுப்பும் கூகுள் டாக்ஸ் லிங்க், நீ பகிரும் திரை எல்லாமே அன்று உனக்காகப் பேசும். நீ பார்ப்பதும் அவர்கள் பார்ப்பதும் ஒன்றாக இருப்பதில்லை. ஒவ்வொன்றையும் அவர்கள் பக்கம் போய் ஒரு தடவை பார்த்துவிடு அம்மாடி.

லிங்க்ட்இன்னில் கை வைக்குமுன், மாற்றங்களை நெட்வொர்க்குக்கு அறிவிக்கும் செட்டிங்கை அணைத்துவிடு. பிறகு உன் லாகின் இல்லாத இன்காக்னிட்டோ ஜன்னலில் உன் பக்கத்தைத் திறந்து பார். லாகின் கேட்டு மறித்தால், உன் தொடர்பில் இல்லாத ஒருவரின் கணக்கிலிருந்து பார்க்கச் சொல். பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைனுக்கு 220 எழுத்து இடம் உண்டு. தேடல் பட்டியலில் அதன் முன்பகுதிதான் தெரியும் என்பதால் பதவியும் முக்கியத் திறமையும் முதலில் வரட்டும். 'அபவுட்' பகுதி 2,600 எழுத்து வரை கொள்ளும், ஆனால் திறக்காமல் தெரிவது முதல் சில வரிகள் மட்டுமே. உன் லிங்க்ட்இன் பக்க முகவரியின் வாலில் தானாக வந்த எண்கள் இருந்தால் எடுத்துவிட்டு, அந்தப் புது முகவரியையே ரெஸ்யூமேயில் போடு.

இதையெல்லாம் விட முக்கியம் தேதிகள். ரெஸ்யூமேயில் ஒரு மாதம், லிங்க்ட்இன்னில் வேறு மாதம் என்றிருந்தால், அது வெறும் மறதியாக இருந்தாலும் எதையோ மறைப்பதுபோல் தோன்றும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடு.

இப்போதைய வேலையில் இருந்துகொண்டே தேடுவதால் படத்தைச் சுற்றி வேலை தேடுவதைக் காட்டும் 'ஓப்பன் டு வொர்க்' பச்சை வளையத்தைப் போடாதே, அது எல்லோர் கண்ணிலும் படும். ஆள் எடுக்கும் ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டும் தேர்வில் உன் கம்பெனியின் ரெக்ரூட்டர்களிடமிருந்து மறைக்க லிங்க்ட்இன் முயலும். முழு உத்தரவாதம் தருவதில்லை என்று அவர்களே சொல்கிறார்கள்.

இன்டர்வியூ செய்பவரின் பக்கத்தைப் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடுமோ என்று தயங்காதே. தெரியலாம், அதில் தவறில்லை, தயாராக வருகிறாய் என்றுதான் அர்த்தம். எந்த டீம், எத்தனை வருடம், வேலை பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்து ஒரு கேள்வி தயார் செய்துகொள். அவருடைய சொந்த வாழ்க்கைப் பதிவுகளைப் பேச்சில் இழுக்காதே. கனெக்‌ஷன் கோரிக்கையை இன்டர்வியூ முடிந்தபின் அனுப்பு.

அதிகம் சொதப்புவது டாக்ஸ் லிங்க்கில்தான். கூகுள் டாக்ஸ் ஃபைல் ஆரம்பத்தில் 'ரெஸ்ட்ரிக்டட்' ஆக இருக்கும். அப்படியே அனுப்பினால் அவருக்கு அனுமதி கேட்கும் பக்கம்தான் வரும், உனக்கு ஒரு மெயில் வரும், அதை நீ பார்ப்பதற்குள் அவர் அடுத்தவருக்குப் போயிருப்பார். 'லிங்க் உள்ள எவரும்' என்று மாற்றி, உரிமையை 'வியூவர்', அதாவது பார்க்க மட்டும், என்று வை. திருத்தவும் முடிகிற 'எடிட்டர்' கொடுத்தால் அவர் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து நீ அழித்த வரிகளையெல்லாம் பார்க்கலாம், வேறொரு கம்பெனிக்கு எழுதிய பழைய வடிவம் உட்பட. அதனால் எதை அனுப்பினாலும் முதலில் 'மேக் எ காப்பி' செய்து அந்தப் பிரதியை அனுப்பு, பழைய வரலாறு அதில் வராது. காப்பி எடுக்கும்போது கமெண்ட்களைச் சேர்க்கும் பெட்டியை டிக் செய்யாதே. கூடவே ஒரு பி.டி.எஃப்-ஐயும் இணைத்துவிடு.

ஃபைல் உன் சொந்தக் கணக்கில் இருக்கட்டும். ஆபீஸ் கணக்கில் வெளியாட்களுக்குப் பகிர்வதையே தடுத்திருக்கலாம். ஆபீஸின் உள் ஆவணம் எதையும், பெயரை அழித்தும் கூட, காட்டாதே. இன்று இங்கே காட்டுபவள் நாளை எங்கள் ஃபைலையும் காட்டுவாள் என்று நினைப்பார்கள்.

ப்ரோகிராம் கோடைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தின் லிங்க் கொடுப்பதானால், கோடில் எப்போதாவது பாஸ்வேர்டோ ரகசியக் கீயோ இருந்ததா என்று பார். பிறகு அழித்திருந்தாலும் பழைய கமிட்டில், அதாவது முன்பு சேமித்த பதிவில், அது அப்படியே இருக்கும், அந்தக் கீயையே ரத்து செய்வதுதான் வழி. உன் முகப்பில் 6 ப்ராஜெக்ட் வரை 'பின்' செய்து முன்னால் காட்டலாம். ஓடாத ஆறை விட, 'ரீட்மீ' என்ற விளக்கக் குறிப்பை ஒழுங்காக எழுதிய இரண்டு போதும்.

இருவரும் ஒரே நேரத்தில் கோடைப் பார்க்கும் கோடர்பேட் போன்ற பகிர்வு எடிட்டரில் நீ அடிப்பதை ஆரம்பத்திலிருந்து மறுபடி ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு. எங்கிருந்தோ ஒட்டிய பத்தி ஒரே தாவலில் வந்து நிற்கும். காலிப் பக்கத்தில் முதலில் மூன்று நான்கு கமெண்ட் வரிகளில் (கோடாக ஓடாத குறிப்பு வரிகளில்) வழியை எழுது, பேசிக்கொண்டே நிரப்பு. அவர் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நிறம் மாறினால் அது குறிப்பு, நிறுத்திவிட்டு அந்த வரியைப் படி. கூகுள் டாக்ஸிலேயே கோடு எழுதச் சொன்னால் மேற்கோள் குறி வளையும், முதல் எழுத்து தானாகப் பெரிதாகும். 'டூல்ஸ்' மெனுவில் 'ப்ரிஃபரன்சஸ்' போய் இரண்டையும் முன்கூட்டியே அணைத்துவிடு.

திரை பகிர்வதற்கு முழு டெஸ்க்டாப்பைக் கொடுக்காதே, ஒரே ஜன்னலைக் கொடு. அதற்கென பிரவுசரில் புது ப்ரொஃபைல் ஒன்று திறந்துகொள். புக்மார்க் பட்டியும், முகவரி அடிக்கும்போது பழைய தேடல்கள் எட்டிப்பார்ப்பதும் அதில் இருக்காது. காட்ட வேண்டியதையெல்லாம் வரிசையாக டேப்களில் வைத்து, எழுத்தை 125 அல்லது 150 சதவீதமாக்கு. நோட்டிஃபிகேஷனை அணை. மேக்கில் ஜூமுக்கு ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுமதி முன்பே கொடுத்திருக்க வேண்டும். நடுவில் கொடுத்தால் ஜூமை மூடித் திறக்கச் சொல்லும், பேச்சின் நடுவே நீ வெளியே நிற்பாய்.

புதன்கிழமை மாலை ஒத்திகை பார். லேப்டாப்பில் நீயாகவும் போனில் அவராகவும் ஒரே மீட்டிங்கில் சேர். ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடம் தரும், உனக்கு 20 போதும். போன் திரையில் உன் பெயர் சரியாக வருகிறதா, எழுத்து படிக்க முடிகிறதா, எந்த ஜன்னல் தெரிகிறது என்று பார். லிங்க்குகளையும் போனில், லாகின் இல்லாமல் திறந்து பார். போனில் ஆடியோவைச் சேர்க்காதே, இரண்டும் பக்கத்தில் இருந்தால் ஊளையிடும். குரலைத் தனியாக எனக்குக் கூப்பிட்டுச் சரிபார்.

முடிந்ததும் அன்றோ மறுநாளோ மூன்று வரியில் நன்றி எழுது, பேசியதில் ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டு. டாக்ஸ் லிங்க்கை முடிவு வரும்வரை திறந்தே வை, அவர்களுக்குள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். முடிவு வந்தபின் மறக்காமல் 'ரெஸ்ட்ரிக்டட்' ஆக்கிவிடு.

புதன் மாலை போனுக்காகக் காத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா