பலகையில் இன்னொரு எண் வேண்டும்: அலைக்காலம்

இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர், மீன்வளத் துறை அலுவலர்கள், பேரிடர் மேலாண்மைப் பிரிவினர், கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவலர்கள் ஆகியோருக்கு,

வணக்கம்.

மீன் இறங்குதளப் பலகையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் வரும் எச்சரிக்கையில் பெரும்பாலும் இரண்டே செய்திகள்: காற்று மணிக்கு இத்தனை கிலோமீட்டர், அலை இத்தனை மீட்டர். மூன்றாவதாக ஓர் எண்ணைச் சேர்க்கும்படி கேட்கவே இந்த மடல். ஒரு முகடு கடந்துபோய் அடுத்த முகடு வர எத்தனை நொடி ஆகிறது என்பதே அந்த எண். அலைக்காலம் என்று வைத்துக்கொள்வோம். மன்னார் வளைகுடாப் பக்கமுள்ள தென்கடலைப் பொறுத்தவரை உயரத்தைவிட இதுவே பல நாட்களில் முக்கியமான செய்தி.

ஆழ்கடலில் அலைக்காலத்தை வர்க்கமாக்கி 1.56 ஆல் பெருக்கினால் அலையின் நீளம் மீட்டரில் கிடைத்துவிடும். 6 நொடி அலைக்கு 56 மீட்டர். 18 நொடி அலைக்கு 505 மீட்டர். காலம் மூன்று மடங்கானால் நீளம் ஒன்பது மடங்கு. நீளத்தில் பாதி ஆழம் வரும் இடத்தில்தான் அலைக்குத் தரை தட்டத் தொடங்கும். 6 நொடி அலை 28 மீட்டர் ஆழம் வரும்வரை அடியில் என்ன இருக்கிறது என்றே அறியாது. 18 நொடி அலையோ 250 மீட்டர் ஆழத்திலேயே தரையை உணர்ந்து, மெதுவாகி, குறுகி, திசை வளையத் தொடங்கிவிடும். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை நோக்கி அது வளைந்து குவியும். பக்கத்து ஊரில் ஒன்றும் இல்லாதபோது வாலிநோக்கம் மாதிரி இடத்தில் மட்டும் அடிப்பதற்கு இது ஒரு காரணம்.

கரைக்கு வரும் வழியில் உயரம் மாறும், நீளம் மாறும், வேகமும் மாறும். அலைக்காலம் மட்டும் மாறாது. தென்துருவக் கடலை ஒட்டிய புயலில் 18 நொடியாகப் பிறந்தது தனுஷ்கோடி அரிச்சல்முனை மணலில் ஏறும்போதும் 18 நொடிதான். முன்னறிவிப்புக் கணினி சொன்னதைக் கரையில் நிற்கும் ஒருவர் கைக்கடிகாரத்தை வைத்துச் சரிபார்க்கக்கூடிய ஒரே அளவு இதுதான்.

இப்போது ஒரே உயரமுள்ள இரண்டு அலைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஆழ்கடலில் 1 மீட்டர். பலகையில் இரண்டு நாளும் ஒரே எண்தான் எழுதப்படும். 6 நொடி அலை உடையும்போது ஏறத்தாழ 1.25 மீட்டர் இருக்கும். 18 நொடி அலை 2 மீட்டரைத் தொட்டுவிடும். நீர் ஆழத்தின் முக்கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாக உயரம் வளர்ந்ததும் அலை உடையும் என்பதால், முதலாவது 1.6 மீட்டர் ஆழத்தில் உடையும், இரண்டாவது 2.5 மீட்டர் ஆழத்திலேயே கவிழும். வத்தை என்னும் சிறு படகில் போகிறவர் வழக்கமாகப் பாதுகாப்பு என்று நினைத்து நிற்கும் இடம் அன்றைக்கு அலை உடையும் இடமாகிவிடுகிறது. மணலில் நீர் ஏறும் உயரம் இன்னும் மோசம். அது அலை உயரத்தையும் நீளத்தையும் பெருக்கிய தொகையின் வர்க்கமூலத்தோடு ஏறும். ஆகவே ஒரே சரிவுள்ள கரையில் 18 நொடி அலை சுமார் மூன்று மடங்கு மேலே வரும். நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதை நம்பி வீடும் படகும் வலைக்கூடமும் நீரோரத்தில் நெருங்கி இருக்கின்றன. உயர் ஓத நேரத்தில் இந்த அலை வந்தால் முதலில் நனைவது அவைதான்.

இதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். பெயர் பொருத்தம்தான்: கச்சான் காற்று வீசாது, வானம் வெளுத்துக் கிடக்கும், தரையும் அதிராது. சுனாமிக்காவது நிலம் முன்கூட்டிச் சொல்லும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் எழுந்த முதல் நில அதிர்வலை திடப் பாறை வழியாக நான்கைந்து நிமிடத்தில் நம் பக்கத்து அதிர்வுமானிகளை எட்டியது. கடல் அலை தமிழகக் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. கள்ளக்கடலுக்கு அப்படி ஒரு முன்னோடி பாறையில் இல்லை, நீரிலேயே உண்டு. நீண்ட அலைக்காலம் கொண்டவை வேகமாக ஓடும். ஆகவே ஒரே புயலில் பிறந்தவற்றில் 20 நொடி அலைகள் உயரம் குறைவாக முதலில் வரும். 18, 16 என்று பெரியவை பின்னால் வரும். 18 நொடி அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் நகரும். தென் அட்சரேகை 40 பாகையிலிருந்து இங்கு வர 5,400 கிலோமீட்டர், அதாவது நாலரை நாள். எச்சரிக்க நேரம் தாராளமாக இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் முன்னறிவிப்பில் தொலைதூர அலையின் உயரம், காலம், திசை மூன்றும் வருகின்றன. அங்கிருந்து இறங்குதளப் பலகைக்கு வருவதற்குள் நடுவில் உள்ள எண் உதிர்ந்துவிடுகிறது.

மாவட்டம் முழுவதற்கும் ஒரே வரியில் எச்சரிப்பதையும் மாற்ற வேண்டும். பெண் கடல், ஆண் கடல் என்று இராமேசுவரத்தில் சும்மா பிரித்துச் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவின் வாய் தெற்கே பார்த்துத் திறந்திருக்கிறது. பாக் நீரிணைப் பக்கமுள்ள வடகடல் ஆழம் குறைந்தது. தெற்கிலிருந்து வரும் நீண்ட அலையை இராமேசுவரம் தீவும் மணல் திட்டுகளும் தடுத்துவிடுகின்றன. அங்கே எழுவது பெரும்பாலும் உள்ளூர்க் காற்றின் குட்டை அலை. வடகடலுக்கு வேறு ஆபத்து உண்டு: ஆழம் குறைந்த நீரைப் புயற்காற்று எளிதில் ஒருபக்கமாகக் குவித்துவிடும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த கடல்நீர் அந்த வகை. அது நொடிக்கணக்கில் வந்து போகும் அலை அல்ல, மணிக்கணக்கில் ஏறி நிற்கும் நீர். ஆகவே தென்கடலில் 18 நொடி அலை வரும் நாளில் வடகடல் கரையிலுள்ள தொண்டிக்காரரையும் கடலுக்குப் போகாதே என்றால், அடுத்த எச்சரிக்கையை அவர் மதிக்க மாட்டார்.

துறைமுகத்துக்குள் கட்டியிருக்கும் படகுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீண்ட அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையில் நீர்மட்டம் ஒன்று முதல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கும். கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் ஒரு பக்கம் வாய் திறந்த 300 மீட்டர் நீள, 4 மீட்டர் ஆழத் துறையின் இயல்பான அசைவுக் காலம் சுமார் 190 நொடி. வெளியே இருந்து வரும் தாளம் இதோடு பொருந்தினால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல் உள்நீர் முழுவதும் முன்னும் பின்னும் ஓடும். அலைதடுப்புச் சுவர் முகடுகளைத் தடுக்கும், இதைத் தடுக்காது. படகு ஏறி இறங்காமல் கிடைமட்டமாக இழுபடுவதால் இறுக்கிக் கட்டிய கயிறு அறும், பக்கத்துப் படகோடு மோதிப் பலகை உடையும். அன்றைக்குக் கயிற்றை நெகிழவிட்டு, நைலான் கயிற்றை இருமடியாக்கி, படகுக்குப் படகு இடைவெளி விட்டு, நடுவில் டயர் தொங்கவிடச் சொல்லுங்கள்.

கரையைக் காக்கக் கல் கொட்டும் ஒப்பந்தங்களுக்கும் இதே எண் வேண்டும். கல்லின் எடையைக் கணக்கிட வழக்கமாகப் பயன்படும் ஹட்சன் சூத்திரத்தில் அலைக்காலத்துக்கு இடமே இல்லை. வான் டெர் மீர் சூத்திரங்களில் உண்டு. தேவையான எடை உயரத்தின் மும்மடியோடு ஏறும் என்பதால், 1.25 மீட்டர் அலைக்குப் போட்ட கல் 2 மீட்டர் அலைக்கு நான்கு மடங்கு கனமாக இருந்திருக்க வேண்டும். கரையிலிருந்து கடலுக்குள் கல்லால் நீட்டிக் கட்டும் தூண்டில் வளைவு ஒரு பக்கம் மணலைச் சேர்த்தால் மறுபக்கம் அரிக்கும் என்பதை இந்த மடலில் விரித்துச் சொல்லத் தேவையில்லை. மீனவர் கிராமங்களுக்கு அது தெரியும்.

அளப்பது எளிது. காவலர் கரையில் நின்று, அலை உடையும் வெளிவரிசையைப் பார்க்க வேண்டும், காலடி நுரையை அல்ல. ஒரு பெரிய முகடு உடையும்போது கைபேசியில் நொடிக் கடிகாரத்தை ஓடவிட்டு, அதைச் சுழியம் என்று எண்ணி, பத்தாவது உடையும்போது நிறுத்துங்கள். பத்தால் வகுத்தால் அலைக்காலம். முதல் முகட்டை ஒன்று என்று எண்ணுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஒரு நிமிடத்தில் பத்து வந்தால் உள்ளூர்க் காற்றலை. இரண்டரை நிமிடம் ஆனால் தூரத்து அலை வந்துவிட்டது. பெரிய கூட்டம் வந்து போனபின் சில நிமிடம் கடல் அடங்கிக் கிடக்கும். சுற்றுலாப் பயணிகள் இறங்குவது அந்த இடைவெளியில்தான். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டக் கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவரைக் கடல் கொண்டுபோனதும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில். எனவே இருபது நிமிடமாவது பார்த்து மூன்று முறை அளக்காமல் கடல் அமைதி என்று எழுத வேண்டாம்.

எச்சரிக்கையில் வரும் உயரம், எல்லா அலைகளிலும் பெரியவையான மூன்றில் ஒரு பங்கின் சராசரி என்பதையும் ஒருமுறை பலகையின் மூலையில் நிரந்தரமாக எழுதி வையுங்கள். ஒரு மணி நேரத்தில் அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்த ஓர் அலையாவது வரும்.

பலகைக்கு நாங்கள் முன்வைக்கும் மாதிரி, இடத்துக்கேற்ற எண்களோடு:

தென்கடல்: தூரத்து அலை 1.0 மீட்டர். அலைக்காலம் 18 நொடி. தெற்கு-தென்மேற்கிலிருந்து. உயர் ஓதம் பகல் 1.40. வத்தை, வள்ளத்தை மேட்டுக்கு ஏற்றவும். அரிச்சல்முனையில் நீரில் இறங்கத் தடை.
வடகடல்: காற்றலை 0.5 மீட்டர். அலைக்காலம் 4 நொடி. தடை இல்லை.

இப்படிக்கு,
அலை இயற்பியல் கற்பிப்போரும் கரைப்பணிப் பொறியாளர்களும்