அடுத்த சிப் வரட்டும் என்று இருக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. அக்கா விஷயம் உனக்கே தெரிந்திருக்கும், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது முதலில் உன் லேப்டாப் பேட்டரி.

நீ அக்காவுக்கு அனுப்பிய மேசைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டச்பேடின் கீழ்விளிம்பு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மூடியும் சரியாகப் படியவில்லை, ஒரு நூல் அளவு இடைவெளி தெரிகிறது. அது பேட்டரி உப்பியதால் வருவது. பழைய லித்தியம் பேட்டரிக்குள் வாயு சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். உடனே அணைத்து சார்ஜரைக் கழற்று. அழுத்தி மூடாதே. நீயே ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பப் பார்க்காதே, குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். ஒன்பதாவது படிக்கும்போது பவர் சப்ளையைத் திறந்த ஆள் நீ, அதனால்தான் சொல்கிறேன். தெரிந்தவர்களிடம் கொடுத்துக் கழற்றச் சொல்.

அடுத்தது, கேமரா. பேசும்போதெல்லாம் அணைத்தே வைத்திருக்கிறாய். கேட்டால் "மெஷின் ஸ்லோ, ஃபேன் கத்துகிறது" என்கிறாய். கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளிடம் சொல்கிற பதிலா இது? 2017 மெஷின் ஒரு வீடியோ காலைத் தாங்கும். ஃபேன் கத்தினால் தூசி அடைத்திருக்கும், இல்லாவிட்டால் கணக்குப் போடுகிற பிராசசர் சிப் மேல் சூட்டைக் கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும். சூடு ஏறினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதைப் பார்த்து நாம் "சிப் பழசாகிவிட்டது" என்று நினைத்துக்கொள்வோம். சுத்தம் செய்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். ஆனால் பேட்டரியை முதலில் பார்.

பிராசசர் விஷயத்தில் உனக்கு ஏற்பட்ட எரிச்சல் நியாயம்தான். படிக்கிற காலத்தில் 2014 முழுக்க, இன்டெலின் புது பிராசசர் பிராட்வெல் வரட்டும் என்று காத்திருந்தாய். டிரான்சிஸ்டர்களை இன்னும் சிறிதாக்கிய அவர்களுடைய 14 நானோமீட்டர் தயாரிப்பில் குறைபாடுள்ள சில்லுகள் அதிகமாக வந்ததால் அது தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. சாதாரண லேப்டாப்புக்கு 2015 ஜனவரியில் வந்தது, நீ கேட்ட நாலு கோர், அதாவது ஒரே சிப்பில் நாலு வேலைப் பகுதி உள்ளது, ஜூனில்தான் வந்தது. செப்டம்பரில் அதற்கடுத்த ஸ்கைலேக் வந்து அதையும் பழசாக்கிவிட்டது. உன் புராஜெக்டை என் மெஷினில், நான் தூங்கிய பிறகு உட்கார்ந்து முடித்தாய்.

அப்புறம் 2017 தொடக்கத்தில், முதல் சம்பளங்களைச் சேர்த்து நீயே ஒன்று வாங்கினாய். யாரிடமும் ஒரு காசு கேட்கவில்லை. அப்பா அதைப் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், உனக்குத் தெரியாது. அது இன்டெலின் ஏழாம் தலைமுறை பிராசசர், இரண்டு கோர். ஆகஸ்டிலேயே எட்டாம் தலைமுறை வந்துவிட்டது, அதே 15 வாட் மின்சாரத்தில் நாலு கோர். அன்றைக்கு நீ சாப்பிடாமல் படுத்தது எனக்கு மறக்கவில்லை. பிறகு 2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது, பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அது ஓடும் என்று கோடு போட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் உன் மெஷின். சில மாதங்களில் தவறிப்போனது.

அதிலிருந்துதான் உனக்கு இந்தக் காத்திருக்கிற பழக்கம் வந்தது. இன்டெலின் அடுத்த தயாரிப்பு முறையான 10 நானோமீட்டருக்காகக் காத்திருந்தாய். 2016-ல் வரவேண்டியது அது. ஒரே தாவலில் டிரான்சிஸ்டர்களை அளவுக்கு மீறி நெருக்கப் பார்த்தார்கள், சில்லுகள் தேறவில்லை. 2018-ல் படம் காட்டும் கிராபிக்ஸ் பகுதியை முடக்கிய ஒரு ஐ3 சிப் வந்தது, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒழுங்காக லேப்டாப்பில் வந்தது 2019-ல், ஐஸ் லேக். அப்போது நீ "முதல் பேட்ச் வேண்டாம்" என்றாய். 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்தச் சிப் எம்1 வந்தது, "சாஃப்ட்வேர் எல்லாம் அதற்கேற்ப மாறட்டும்" என்றாய். பிறகு சிப் தட்டுப்பாடு. 2023 டிசம்பரில் இன்டெலின் மீட்டியர் லேக், 2024-ல் லூனார் லேக். ஒவ்வொரு முறையும் நீ சொன்ன காரணம் தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. சேர்த்துப் பார்த்தால் எட்டு வருஷத்துக்கு மேல் அதே மெஷின்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னால் "தம்பிக்கு ஆபீஸ் லேப்டாப் இருக்கிறதே, சொந்தமாக எதற்கு?" என்கிறாள். அப்பாவும் அதைத்தான் கேட்டார். ஆபீஸ் லேப்டாப் இருக்கும்போது இந்தப் பழையதில் ஏன் பகல் முழுக்க வேலை செய்கிறான் என்று. சொந்த வேலை ஏதாவது இருக்கும் என்று சொல்லி வைத்தேன். சித்தப்பா உன் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பியது திரும்பி வந்துவிட்டதாம். சர்வர் கோளாறாக இருக்கும், இரண்டு நாள் கழித்து அனுப்புங்கள் என்றேன். அவர் மறுபடி அனுப்பினாரா என்று நான் கேட்கவில்லை.

சரி, லேப்டாப்புக்கு வருகிறேன்.

எப்போது மாற்றுவது என்று நாங்கள் ஆபீஸில் முடிவு செய்த விதம் ரொம்பச் சாதாரணம். எந்தச் சிப் வரப்போகிறது என்று பார்க்க மாட்டோம். இப்போது இருக்கிற மெஷின் வேலையைத் தடுக்கிறதா என்று பார்ப்போம். பேட்டரியைக் கழற்றிய பிறகு, எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு உன் வழக்கமான வேலையைச் செய். மெமரி நிரம்பி நின்றால் ராம் போதவில்லை. டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் பழைய ஹார்டுடிஸ்க் தான் காரணம், அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டால் தெரியும் வித்தியாசம். இரண்டும் சும்மா இருந்து சிபியு, அதாவது பிராசசர் மட்டும் நாள் முழுக்க உச்சத்தில் நின்றால்தான் பிராசசரைக் குறை சொல்லலாம். பிராசசர் மேல் பழி போட்டுக் கொண்டுவந்த மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு ராமோ டிஸ்க்கோ மாற்றித்தான் திருப்பி அனுப்பினோம்.

ஆனால் உன்னுடையதில் இப்போது வேறு சிக்கலும் இருக்கிறது. அதில் இருக்கும் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நீட்டிப்புக்குப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும். பதிவு செய்தாயா? இல்லாமல் அதிலேயே வங்கிக் கணக்கைத் திறக்கிறாய் என்றால் எனக்குத் தூக்கம் வராது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருஷம் ஓடும், அது உனக்கே தெரியும். பேட்டரி உப்பாமல் இருந்திருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அதனால் வாங்கிவிடு. புதிதாக வந்ததுதான் வேண்டும் என்றில்லை, போன தலைமுறையே போதும். ராம் மட்டும் 16 ஜிபிக்குக் குறையக் கூடாது. இப்போது மெல்லிய லேப்டாப்புகளில் ராமை போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள், லூனார் லேக்கில் சிப்போடு சேர்த்தே வருகிறது. பின்னால் கூட்டவே முடியாது. எஸ்எஸ்டியைப் பிறகு மாற்றலாம், ராமை முடியாது. வாங்கிய மூணாம் மாதம் புதுசு ஒன்று வரும். வரட்டும். அதற்காக மறுபடியும் சாப்பிடாமல் படுக்காதே. உன் மெஷின் முந்தின நாள் செய்த வேலையை மறுநாளும் செய்யும்.

இன்னொன்று. உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன், என் பென்ஷனிலிருந்து. அப்பாவுக்குத் தெரியும், ஒன்றும் கேட்கவில்லை. லேப்டாப்புக்கு என்றுதான் போட்டேன். வாடகைக்கோ வேறு எதற்கோ முதலில் வேண்டியிருந்தால் அதற்கு எடுத்துக்கொள், லேப்டாப்புக்கு மறுபடி அனுப்புகிறேன். கணக்குக் கேட்க மாட்டேன். நீ கேட்க மாட்டாய் என்றும் தெரியும். 2017-ல் கேட்காததில் எனக்கு எவ்வளவு பெருமையோ, இப்போது கேட்காததில் அவ்வளவு கோபம்.

போன மாதம் நான் எழுதியதற்கெல்லாம் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாய். முப்பது வயதில் அம்மாவுக்கு இரண்டு வரி எழுத எந்தப் பிராசசரும் தேவையில்லை. பெரிய கடிதம் வேண்டாம். இப்போது என்ன வேலை செய்கிறாய், அதற்கு எந்த சாஃப்ட்வேர் ஓட்டவேண்டும், அதை மட்டும் எழுது. எது வாங்கலாம் என்று சொல்ல எனக்கு அது தெரியவேண்டும். வேலை என்று ஒன்றும் இப்போதைக்கு இல்லை என்றாலும் அப்படியே எழுது, அதற்குத் தகுந்த மாதிரி பார்த்துச் சொல்கிறேன்.

பேட்டரியை இன்றைக்கே கழற்றக் கொடு. 16 ஜிபி.

அம்மா